லிஃப்டில் ஒட்டிய ஏழு

அத்தியாயம் 6

"என் மருமகளைத் திட்டுற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு, தம்பி" என்றார் அந்த அம்மாள், லிஃப்டின் சுவரைக் கைப்பையால் ஓங்கி அறைந்தபடி. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அதை ஒழுங்கா செஞ்சிட்டு வர்றேன். இப்ப எவனோ நடுவுல பூந்து திட்டிட்டுப் போயிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

கைப்பை அறைந்த இடத்தில் ஒரு காகிதம். நான்கு மூலையிலும் கட்டுப் போடும் பிளாஸ்திரி. நடுவில் கொட்டை எழுத்தில் அச்சடித்த இரண்டு வரி:

கண் டாக்டர் இந்த வருஷம் செய்த தவறுகள்: ஏழு.
உங்கள் கண் உங்கள் பொறுப்பு.

துப்பறிவாளர் அதைப் படித்துவிட்டு நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். ஊரில் அவருக்குப் பெயரே கொட்டாவிதான். மூளை வேலை செய்ய ஆரம்பித்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பது அவரே கிளப்பிவிட்ட செய்தி. அவருடைய உதவியாளரும் மனைவியின் தங்கையுமான வாலுவின் கருத்து வேறு. விடிய விடிய டிவி பார்க்கிற எந்த மனுஷனுக்கும் வாய் தானாகத்தான் திறக்கும் என்பாள்.

"பிளாஸ்திரி ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி, அத்தான். ஆள் உள்ளேதான் இருக்கணும்" என்றாள் வாலு.

"பிரமாதம். உள்ளே இருக்கற முந்நூறு பேர்ல ஒருத்தர். வழக்கு முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாமா?"

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசிக்கிற பார்வை.

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது" என்றார். "இனிமே என் மருமக கத்தியைத் தொடக் கூடாதுன்னு தீர்மானம் போடப் போறாங்களாம். அவளுக்கு ஆப்பரேஷன் பண்றதைத் தவிர ஒண்ணும் தெரியாது. சமைக்கவும் வராது. வேலை போய் வீட்டோட இருந்தான்னா, நாள் முழுக்க நாங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில! யோசிச்சுப் பாருங்க, தம்பி."

கொட்டாவி யோசித்துப் பார்த்தார். விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது என்று உடனே புரிந்தது.

லிஃப்டின் கதவு திறந்தது. வெளியே காத்திருந்த கிழவர் ஒருவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார், தன் கண்ணைப் பொத்திக்கொண்டார், படிக்கட்டை நோக்கி நடந்தார்.

* * *

தலைமை டாக்டரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் அறையில் நாற்காலிகளைவிடக் கேடயங்கள் அதிகம்.

"தப்பு எத்தனைன்னு நேரா கேட்டா எந்த டாக்டர் உண்மை சொல்வான்?" என்றார். "போன வருஷம் கேட்டேன். அத்தனை பேரும் பூஜ்யம்னு எழுதிக் கொடுத்தாங்க. அதே வருஷம்தான் வலது முழங்கால் உடைஞ்ச ஒருத்தரை, இடது முழங்கால்ல கட்டுப் போட்டு வாழ்த்தி அனுப்பினோம்."

"அவர் என்ன சொன்னார்?" என்றாள் வாலு.

"ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னார். அதுவரைக்கும் ஏதோ புது வைத்தியம்னு நெனைச்சிருக்கார்." பெரியவர் செருமிக்கொண்டார். "அதான் இந்த வருஷம் ஒரு ஏற்பாடு செஞ்சேன், போன வாரம்தான் நடத்தினோம். சீட்டுச் சுற்று. யாரோட தவறு எத்தனைன்னு யாருக்கும் தெரியாது. மொத்தம் மட்டும் தெரியும். மொத்தம் தெரிஞ்சாப் போதுமே, ஆஸ்பத்திரி எந்த லட்சணத்துல இருக்குன்னு புரிஞ்சிடும்."

"எப்படி?"

பெரியவர் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சி.

"முதல்ல நான் மனசுக்குள்ள ஒரு எண் நெனைச்சுக்குவேன். வாய்க்கு வந்த எண். அதோட என் தவறுகளைக் கூட்டி ஒரு சீட்டுல எழுதி குழந்தை டாக்டர் கையில கொடுப்பேன். அவர் தன் தவறுகளைக் கூட்டி, புதுச் சீட்டுல எழுதிட்டு, பழசைக் கிழிச்சுப் போட்டுடுவார். புதுச் சீட்டு எலும்பு டாக்டர்கிட்ட போகும். அவர் கூட்டிட்டு கண் டாக்டர்கிட்ட. அவ கூட்டிட்டு மயக்க டாக்டர்கிட்ட. அதான், ஆப்பரேஷனுக்கு முன்னால மயக்க ஊசி போடறாங்களே, அந்தம்மா. கடைசியில சீட்டு என்கிட்டயே திரும்பி வரும். நான் ஆரம்பத்துல நெனைச்ச எண்ணைக் கழிச்சிட்டா, மிச்சம் எங்க அஞ்சு பேரோட தவறும் சேர்ந்த மொத்தம்."

வாலு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அதாவது, எலும்பு டாக்டர் கைக்கு நாப்பதுன்னு வந்தா, அதுல உங்க மனசுல இருந்தது எவ்வளவு, குழந்தை டாக்டரோட தப்பு எவ்வளவுன்னு அவருக்குப் பிரிக்கத் தெரியாது. குழந்தை டாக்டரே முப்பத்தெட்டு தப்பு பண்ணியிருக்கலாம்."

"முப்பத்தெட்டு தப்பு பண்றவரை நான் வேலையில வச்சிருக்க மாட்டேன்மா."

"ஆமா, நிர்வாகத்துக்கு அனுப்பியிருப்பீங்க."

கொட்டாவி அவள் காலை மெல்ல மிதித்துவிட்டு முன்னால் நகர்ந்தார். "நல்ல ஏற்பாடுதான் டாக்டர். ஒரே ஒரு ஓட்டை. ஒருத்தருக்கு முன்னால இருக்கறவரும் பின்னால இருக்கறவரும் பேசி வச்சுக்கிட்டா, நடுவுல மாட்டினவர் காலி. முன்னால இருக்கறவர் 'நான் அம்பத்திரண்டுன்னு கொடுத்தேன்'பார். பின்னால இருக்கறவர் 'எனக்கு அம்பத்தொம்பதா வந்துச்சு'ம்பார். கழிச்சா ஏழு."

பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து புன்னகைத்தார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல.

"அதுக்குத்தான் வரிசையை அப்படிப் போட்டேன். கண் டாக்டருக்கு முன்னால எலும்பு டாக்டர். பின்னால மயக்க டாக்டர். ரெண்டு பேரும் முன்னாள் புருஷன் பொண்டாட்டி. விவாகரத்து ஆகி நாலு வருஷமாச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினதில்ல. இதைவிட நல்ல பூட்டு கடையில கிடைக்குமா?"

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"பூட்டுக்கே சாவி கிடையாது. அதான் விசேஷம்." பெரியவர் பெருமூச்சு விட்டார். "அப்புறம் எப்படி வெளியே வந்துச்சுன்னுதான் தெரியல. இனிமே எவன் உண்மையைச் சொல்வான்? அடுத்த வருஷம் மறுபடியும் எல்லாரும் பூஜ்யம். அதுவும் இன்னைக்குப் பார்த்தா! ஆப்பரேஷன் தியேட்டர் பொறுப்பை கண் டாக்டர்கிட்ட கொடுக்கணும்னு குழுவுக்கு எழுதியிருந்தேன்."

"அவங்க இல்லைன்னா அடுத்து யாரு?"

"எலும்பு டாக்டர்."

வாலு கொட்டாவியைப் பார்த்தாள். கொட்டாவி ஜன்னலைப் பார்த்தார்.

* * *

கண் டாக்டரின் அறைக்கு வெளியே வரிசையாகப் பதினைந்து நாற்காலிகள். ஒன்றில்கூட ஆள் இல்லை. உள்ளே அவள் சுத்தமாக இருந்த ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழுதானா, மேடம்?" என்றார் கொட்டாவி.

"சொல்ல மாட்டேன்."

"இல்லைன்னாவது சொல்லலாமே."

"அதையும் சொல்ல மாட்டேன்."

"பார்த்தீங்களா?" என்றார் மாமியார், கதவோரமிருந்து. "வீட்லயும் இதேதான். ஏன் முகம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டா பதில் வராது. நானே பத்துக் காரணம் யோசிச்சு நானே சண்டை போட்டுக்கணும்."

கண் டாக்டர் சிரிப்பை லென்ஸுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"லிஃப்ட்ல அதை முதல்ல பார்த்தப்ப என்ன தோணிச்சு?" என்று கேட்டார் கொட்டாவி.

அவள் கை ஒரு நொடி நின்றது. "யாரோ உட்கார்ந்து கழிச்சுப் பார்த்திருக்காங்கன்னு தோணிச்சு." சொன்ன உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள். லென்ஸை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் கொட்டாவி கேட்டார்: "வாலு, நீ நிஜமா செஞ்ச ஒரு தப்பை எவனாவது ஒட்டி வச்சா என்ன பண்ணுவ?"

"கிழிச்சுப் போடுவேன்."

"செய்யாத தப்பை ஒட்டினா?"

"அக்கா காது வரைக்கும் கேக்கற மாதிரி கத்துவேன்."

"கிழிக்கவும் இல்ல, கத்தவும் இல்லைன்னா?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்."

"இந்தம்மாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் கொட்டாவி. பிறகு வாயைத் திறந்தார். பாதிக் கொட்டாவிதான் வந்தது.

* * *

ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு நோயாளி படுத்திருந்தார். தலைப் பக்கம் மயக்க டாக்டர். கால் பக்கம் எலும்பு டாக்டர். நடுவில் தியேட்டர் நர்ஸ்.

"நர்ஸ், அந்தம்மாகிட்ட சொல்லுங்க. நோயாளி இன்னும் முழிச்சுக்கிட்டிருக்கார்."

"நர்ஸ், அந்த ஐயாகிட்ட சொல்லுங்க. அவர் குரலைக் கேட்டா செத்தவன்கூட முழிச்சுக்குவான்."

"நர்ஸ், அவங்க போட்டது மருந்தா, தண்ணியான்னு கேளுங்க."

"நர்ஸ், அவர் பிடிச்சிருக்கறது கத்தியா, கரண்டியான்னு கேளுங்க."

நர்ஸ் எதையும் கேட்கவில்லை. நாலு வருஷமாகக் கேட்பதில்லை. நோயாளி மட்டும் கண்ணை அங்கும் இங்கும் உருட்டிக்கொண்டிருந்தார். மயங்கினால் தேவலை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அரை மணி கழித்து எலும்பு டாக்டர் தன் அறைக்கு வந்தார். உள்ளே நுழைந்த கொட்டாவி, "வணக்கம் டாக்" என்பதோடு நிறுத்தி, "ஹச்!" என்றார். இன்னொரு முறை. இன்னொரு முறை.

"ஜலதோஷமா? எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம் டாக்டர், நீங்க எலும்பு." கொட்டாவி கைக்குட்டையைத் தேடினார். "கண் டாக்டருக்கு நீங்க எத்தனைன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல." அவர் சொன்னது நம்பும்படி இருந்தது. "எனக்கு அடுத்து அவங்க. அவங்களுக்கு அடுத்து யாருன்னு உங்களுக்குத் தெரியும். அந்தம்மாவோட நான் பேசறதாவது! அதுக்கு நான் என் காலை நானே உடைச்சுக்கலாம்."

"ஹச்!" என்றார் கொட்டாவி, ஒப்புதலாக.

வராந்தாவில் தும்மல் நின்றது. மயக்க டாக்டரின் அறைக்குள் காலை வைத்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. மேஜை மேல் ஒரு படம்: ஆரஞ்சு நிறத்தில், ஊரையே வாடகைக்கு விட்ட தோரணையில் உட்கார்ந்திருக்கும் பூனை.

"என் பூனை" என்றாள் மயக்க டாக்டர். அவள் துப்பட்டாவில் ஆரஞ்சு முடிகள். "கோர்ட் எனக்குக் கொடுத்தது. வீடு, கார் எல்லாம் பாதி பாதி. பூனையைப் பாதியா வெட்ட முடியாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்."

"அவருக்கு?"

"எவருக்கு?" என்றாள் அவள் குளிர்ச்சியாக.

மீதியை வெளியே தியேட்டர் நர்ஸ் சொன்னாள். "அந்த ஐயாவுக்குப் பூனையை எட்டிப் பார்க்கக்கூட அனுமதி கிடையாதுங்க. வழக்கு நடந்தப்ப ரெண்டு பக்கத்துச் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா எல்லாரும் லீவு போட்டு வந்து சாட்சி சொன்னாங்க. ஒருத்தரை ஒருத்தர் பேசாத பேச்சில்ல. பிரிச்சு வச்சுட்டுத்தான் ஓய்ஞ்சாங்க."

கொட்டாவி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். வாய் அகலமாகத் திறந்தது. இந்த முறை முழுக் கொட்டாவி. நர்ஸ் பழக்க தோஷத்தில் உள்ளே எட்டித் தொண்டையைப் பார்த்தாள்.

* * *

படிக்கட்டில் இறங்கும்போது வாலு சொன்னாள்: "ஜலதோஷம்னா வராந்தாவுலயும் தும்மியிருக்கணும்."

"எனக்குப் பூனைன்னா ஆகாது. உங்க அக்கா ஒரு குட்டியைக் கொண்டு வந்தப்ப ஞாபகமிருக்கா?"

"இருக்கே. உங்களை வெளியே அனுப்பலாமா, குட்டியை வெளியே அனுப்பலாமான்னு அக்கா ரெண்டு நாள் யோசிச்சா." வாலு திடீரென்று நின்றாள். "நாலு வருஷமா பூனையைப் பார்க்காத மனுஷன் மேல பூனை முடியா? அப்போ ரெண்டு பேரும்..."

"மறுபடி சேர்ந்துட்டாங்க. வெளியே சொல்ல முடியல. ஊர்ப்பட்ட சொந்தக்காரங்க லீவு போட்டுப் பிரிச்சு வச்ச கல்யாணம். எந்த முகத்தை வச்சுக்கிட்டு, சேர்ந்துட்டோம்னு போய்ச் சொல்றது? அதான் பகல் முழுக்க நர்ஸை வச்சு நாடகம். ராத்திரியானா ஒரே வீடு, ஒரே தட்டு, ஒரே பூனை."

"சாப்பிடும்போது அவர் 'இன்னைக்கு உனக்கு எத்தனை வந்துச்சு'ன்னு கேட்டிருப்பார். அந்தம்மா சொல்லியிருப்பாங்க. இவர் கழிச்சிட்டார். தியேட்டர் பொறுப்பு வேணும், ஒட்டிட்டார். முடிஞ்சுது, அத்தான்! வாங்க, குழுகிட்ட சொல்லிடலாம்."

"சொல்லேன். சொன்னா என்னாகும்?"

"எலும்பு டாக்டர் மாட்டுவார்."

"கண் டாக்டர்?"

வாலு மறுபடி விரலை மடக்கி எண்ணினாள்.

"சீட்டை வச்சுக் கழிச்சுத்தான் ஏழு வந்துச்சுன்னு நாம நிரூபிச்சா, அந்த ஏழுக்கு நாமளே முத்திரை குத்தின மாதிரி" என்றார் கொட்டாவி. "திருடன் பிடிபட்டான், ஆனா சரக்கு அசல்தான்னு ஆயிடும். அந்தம்மாவை இன்னும் மரியாதையா வீட்டுக்கு அனுப்புவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்போ ஏழு தப்பா?"

"தப்பாத்தான் இருக்கணும். சரியா இருந்தா அந்தம்மா அழுதிருப்பாங்க, கிழிச்சிருப்பாங்க. தப்புன்னா கத்தியிருப்பாங்க. கத்த முடியாத மாதிரி ஒரு தப்பு. 'என்னுது ஏழு இல்ல'ன்னு வாயைத் திறந்தா, 'மிச்சம் யாருது'ன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்காங்க."

வாலு படியில் உட்கார்ந்துவிட்டாள். "அதாவது இன்னொருத்தரோட தவறையும் சேர்த்து அவங்க சீட்டுல போட்டிருக்காங்க. ஒருத்தர் தன் முறை வந்தப்ப பயந்துபோய் குறைச்சு எழுதிட்டார். சீட்டு கைமாறிடுச்சு. அப்புறம் மனசு கேக்கல. சீட்டு கண் டாக்டர் ரூம்ல இருக்கறப்ப ஓடி வந்து, 'என்னுதையும் போட்டுடுங்க'ன்னு கெஞ்சியிருக்கார்."

"யாரு?"

"மயக்க டாக்டர் இல்ல. அவங்க முறை இன்னும் வரல, தன் சீட்டுலயே போட்டுக்கலாம். பெரியவரும் இல்ல. கடைசியில சீட்டு அவர்கிட்டதான் வரும், அப்ப சேர்த்துக்கலாம். எலும்பு டாக்டரா இருந்தா, அந்த ஏழுல தன் பங்கும் இருக்குன்னு அவருக்கே தெரியும், இவ்வளவு தைரியமா ஒட்டியிருக்க மாட்டார். மிச்சம்..."

கீழே, குழந்தைகள் வார்டின் வாசலில், குழந்தை டாக்டர் ரப்பர் கையுறையை ஊதிக் கோழி செய்து ஒரு சிறுமிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். லிஃப்டின் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் திடுக்கிட்டுக் கையை விட்டார். கோழி புஸ்ஸென்று பறந்து போனது.

"போய்க் கேட்டுடலாமா?"

"கேட்டா இல்லைம்பார். பயந்து ஒரு தடவை பொய் எழுதினவர். நாம பயமுறுத்தினா இன்னொரு தடவை எழுதுவார்." கொட்டாவி அடுத்த படியில் கால் வைத்தார். "யாரும் பார்க்காதப்பதான் அவர் நல்லவர். அந்த வசதியைச் செஞ்சு கொடுப்போம்."

* * *

நிர்வாகக் குழுவின் தலைவர் மெத்தைக் கடைக்காரர். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் மெத்தை எல்லாம் இலவசமாகக் கொடுத்தவர் என்பதால், மருத்துவத்தில் அவர் சொல்வதே கடைசி வார்த்தை.

"ஏழுங்கறது ஒரு தொகையா இல்லையா?" என்றார். "என் கடையில வருஷத்துக்கு ஏழு மெத்தை பிஞ்சு வந்தா நான் தையல்காரனை மாத்திடுவேன். தீர்மானத்தைப் படிங்க."

கண் டாக்டர் நேராக உட்கார்ந்திருந்தாள். மாமியார் அவளுக்குப் பின்னால் நின்று, யாரும் கேட்காமலே அவள் தோளில் கை வைத்திருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் கொட்டாவி. "இன்னொரு சீட்டுச் சுற்று. ஒரே கேள்வி. போன வாரம் தன் தவறுகளைக் கண் டாக்டரோட சீட்டுல சேர்க்கச் சொன்னவங்க ஒண்ணு கூட்டணும். மத்தவங்க பூஜ்யம். யாருன்னு எங்களுக்கு வேண்டாம். மொத்தம் மட்டும் போதும்."

மெத்தைக் கடைக்காரர் சிரித்தார். "அந்தம்மாவே ஒண்ணு போட்டுக்கிட்டா?"

"அவங்க இந்தச் சுற்றுல கிடையாது. வெறுமனே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. மத்த நாலு பேர்தான். வரிசை நான் சொல்றேன். பெரியவர், எலும்பு டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், திரும்பப் பெரியவர்."

"அந்தம்மா கையில நான் சீட்டுக் கொடுக்கறதா?" என்றார் எலும்பு டாக்டர். "ஆட்சேபிக்கிறேன்."

"நர்ஸ் கொண்டு போய்க் கொடுப்பாங்க. பழக்கம்தானே?"

பெரியவர் எழுதினார். சீட்டு எலும்பு டாக்டரிடம் போனது. அவர் அலட்சியமாகக் கிறுக்கினார். நர்ஸ் கையில் மடிந்து மயக்க டாக்டரிடம் வந்தது. பிறகு குழந்தை டாக்டரிடம்.

அவர் சீட்டை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். மூடினார். அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. கண் டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த மெத்தைக் கம்பெனியின் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேரும் பூஜ்யம் போட்டால் அவளுக்கு அந்தக் காலண்டரைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாது.

பேனா நகர்ந்தது. சீட்டு பெரியவரிடம் போனது.

பெரியவர் கண்ணாடியை மாட்டினார், கழித்தார், மறுபடி கழித்தார். "ஒண்ணு" என்றார்.

கண் டாக்டர் மூச்சை விட்டது அறை முழுக்கக் கேட்டது.

"அதனால, லிஃப்ட்ல இருக்கற ஏழு ஒருத்தரோட எண் இல்ல" என்றார் கொட்டாவி. "ரெண்டு பேரோடது. இவங்களோடது அதைவிடக் குறைவு."

"எவ்வளவு குறைவு?"

"தெரியாது."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"தெரியாது" என்று கூசாமல் பொய் சொன்னார் கொட்டாவி. "தெரியக் கூடாதுங்கறதுக்குத்தானே இந்தச் சுற்று. இன்னும் ஒரே ஒரு கேள்வி, அதோட விட்டுடறேன். தன் கைக்கு வந்த சீட்டுல என்ன எண் இருந்துச்சுன்னு வெளியே ஒருத்தர்கிட்ட சொன்னவங்க, ஒண்ணு."

எலும்பு டாக்டர் நிம்மதியாகப் பூஜ்யம் கூட்டினார். அவர்தான் யாரிடமும் சொல்லவில்லையே, ஒட்டத்தானே செய்தார்! நர்ஸ் சீட்டை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மயக்க டாக்டர் சீட்டைப் பிரித்தாள். பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. அந்தக் கேள்வியை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. லிஃப்ட். ஏழு. தியேட்டர் பொறுப்பு. சாப்பாட்டு மேஜை.

அவள் சீட்டைக் கசக்கி எறிந்தாள். அது எலும்பு டாக்டரின் மூக்கில் போய் விழுந்தது.

"அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது 'உனக்கு எத்தனை வந்துச்சும்மா'ன்னு கொஞ்சிக் கேட்டீங்களே, இதுக்குத்தானா?"

நாலு வருஷத்தில் முதல் முறையாக நர்ஸ் இல்லாமல் வந்த வாக்கியம். நர்ஸ் தட்டைத் தவறவிட்டாள். பெரியவர், உலகத்தின் சிறந்த பூட்டு தன் கண் முன்னால் கழன்று விழுவதைப் பார்த்தார்.

"இல்லம்மா, நான் சும்மா ஒரு..." என்றார் எலும்பு டாக்டர்.

"சும்மாவா? ஒரு பொம்பளையோட பொழப்பை லிஃப்ட்ல ஒட்டறது சும்மாவா? பூனையை மடியில வச்சுக்கிட்டே கணக்குப் போட்டிருக்கீங்க!"

"சாப்பிடும்போதா?" என்றார் மெத்தைக் கடைக்காரர், ஒன்றும் புரியாமல். "எந்த வீட்ல?"

தீர்மானக் காகிதத்தை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தியேட்டர் பொறுப்பு யாருக்கு என்பதை அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

* * *

வராந்தாவில் குழந்தை டாக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கண் டாக்டர் அவரைக் கடந்து போகும்போது சொன்னாள்: "உங்க வார்டுல ஒரு குழந்தைக்குக் கண்ணு பார்க்கணும்னீங்களே, காலையில அனுப்பி வைங்க." அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டினார். கதவை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏழு இல்லைன்னா எத்தனைடி?" என்றார் மாமியார்.

"சொல்ல மாட்டேன், அத்தை."

"பார்த்தீங்களா தம்பி? நாளைக்கு இவ வேலைக்குப் போகணும், நான் நிம்மதியா இருக்கணும்." லிஃப்டுக்குள் நுழைந்ததும் அவர் முதல் காரியமாகப் பிளாஸ்திரியை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

கொட்டாவியும் வாலுவும் படிக்கட்டை நோக்கித் திரும்பினார்கள். வராந்தாவின் கடைசியில் எலும்பு டாக்டர் நின்றிருந்தார், கை பிசைந்தபடி.

"நர்ஸ்" என்றார் தாழ்ந்த குரலில். "அவங்ககிட்ட சொல்லுங்க... பூனைக்கு இன்னைக்கு மருந்து கொடுக்கணும். நான் வந்து கொடுத்துடறேன்னு சொல்லுங்க."

நர்ஸ் பெருமூச்சு விட்டுப் போனாள். மயக்க டாக்டரின் கதவு திறந்தது, மூடியது. நர்ஸ் திரும்பி வந்தாள். நாலு வருஷமாக இரண்டு பக்கமும் ஏச்சுச் சுமந்தவள், முதல் முறையாக வெறும் கையை நீட்டினாள்.

"அம்மா ஒண்ணும் சொல்லலீங்க, ஐயா. வீட்டுச் சாவியை மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அவர் பேன்ட் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். அதில் ஒரு ஆரஞ்சு முடி ஒட்டியிருந்தது.

"ஹச்!" என்றார் கொட்டாவி.